மாவிலை வெள்ளியா, வேதி வெள்ளியா: அணை மீனுக்கு எது கேடு?
கிருஷ்ணகிரி மாவிலைச் சாற்றில் தயாரித்த வெள்ளி நானோத் துகளையும் சோடியம் போரோஹைட்ரைடு என்னும் வேதிப்பொருளால் தயாரித்ததையும் ஒப்பிட்டால், தயாரிப்பில் முன்னதே மேல். கரைசல் காப்பி நிறத்துக்கு மாறும்போதே சாற்றிலுள்ள பாலிஃபீனால்கள் என்னும் தாவரச் சேர்மங்கள் வெள்ளி நைட்ரேட்டை உலோக வெள்ளியாக ஒடுக்கிவிடுவதால், தீங்கான வேறு ஒடுக்கி தேவைப்படுவதில்லை.

தென்பெண்ணை ஆற்றிலுள்ள கிருஷ்ணகிரி அணைத் தண்ணீரில் கலந்தபின் இந்த வேறுபாடு வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. 1 முதல் 100 நானோமீட்டர் அளவுள்ள இருவகைத் துகள்களும் வெள்ளி அயனியை (மின்னூட்டம் பெற்ற வெள்ளி அணுவை) கசியவிடுகின்றன. அது மீனின் செவுளில் சோடியத்தை உள்ளிழுக்க உதவும் நொதியை முடக்குவதால், இரத்தத்தின் உப்புச் சமநிலை குலைந்து, மீன் மடியவும் நேரிடுகிறது. மீன்குஞ்சுக்கு இரையாகும் டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளு, மீன் தாங்கும் அளவிலேயே மடிந்துவிடும். தாவரப் பூச்சு கசிவைத் தாமதப்படுத்தலாம். சில வேளைகளில் துகளைச் செல்லோடு ஒட்டவைத்து நஞ்சைக் கூட்டவும் செய்யலாம் (தாவரச் சாற்று வெள்ளியைப் ‘பசுமை’ என்பது தயாரிப்பு முறைக்கு வைத்த பெயர்தானே). ஆகவே ஆய்வுக்கூடத்துக்கு மாவிலை முறையைத் தேர்வேன். தென்பெண்ணையில் கலக்க இரண்டையுமே அனுமதிக்கமாட்டேன்.