மிச்சப் பிரதி யார் வீட்டில்? வன்னியிலிருந்து முதல் புத்தகம் போடும் வழிகள்

என் முதல் சிறுகதைத் தொகுப்பை 500 பிரதி அடித்தேன். வெளியீட்டு விழாவில் ஏறத்தாழ நூறு போனது. கடைகளுக்கும் கூட்டாளிகளுக்குமாக இன்னொரு நூறு. மீதி கட்டிலுக்குக் கீழே பெட்டி பெட்டியாகக் கிடந்தது. இரண்டாவது மாரி முடிந்து ஒரு பெட்டியைத் தூக்கினேன். மேல்பக்கம் மட்டும் கையோடு வந்தது. கறையான். வன்னியில் வீடு கட்டியவர்களுக்குக் கறையானைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

அதனால் புத்தகம் போட வழி கேட்டு வரும் தம்பி தங்கைகளிடம் நான் அச்சுச் செலவை முதலில் பேசுவதில்லை. "அடிச்ச பிறகு மிச்சப் பிரதி ஆற்றை வீட்டில இருக்கப்போகுது?" என்றுதான் கேட்பேன். சொந்தச் செலவில் போடுவது, யாழ்ப்பாணத்து அல்லது கொழும்புப் பதிப்பகத்திடம் கொடுப்பது, தமிழ்நாட்டுக்கு அனுப்புவது, மின்னூலாக்குவது என்று இன்றைக்கு நம் முன்னே இருக்கும் வழிகள் எல்லாவற்றையும் இந்தக் கேள்வியை வைத்தே நிறுத்துப் பார்க்கலாம்.

சொந்தச் செலவில் போடுவதுதான் இங்கே அதிகம் பேர் போகும் பாதை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உள்ள சிறு அச்சகங்களின் பிழைப்பு கலியாணக் கார்ட், பற்றுச்சீட்டுப் புத்தகம், நோட்டீஸ், 31ஆம் நாள் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அடிக்கும் சிறு புத்தகம்) ஆகியவற்றில் ஓடுகிறது. கல்வெட்டு என்றால் ஒரு கிழமைக்குள் அழகாக முடித்துத் தருவார்கள். 128 பக்கக் கதைப் புத்தகம் வேறு வேலை. பக்கங்களைப் பதினாறின் மடங்காகத் திட்டமிட வேண்டும். இல்லையென்றால் கடைசியில் வெற்றுத்தாள் நிற்கும். முதுகுப்பக்கம் ஒட்டுகிற இடத்தில் இடைவெளி போதாவிட்டால், வாசிக்கிறவர் புத்தகத்தை விரித்துப் பிடிக்க அதோடு மல்லுக்கட்ட வேண்டும். யாழ்ப்பாணத்து அச்சகங்களுக்குப் புத்தக வேலை பழக்கம். கிளிநொச்சியிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீற்றர்தான், காலை பஸ்ஸில் போய்ப் பிழை திருத்திவிட்டுப் பின்னேரம் திரும்பிவிடலாம். அந்தப் பயணத்துக்கு அலுப்புப் படாதீர்கள். வட்ஸ்அப்பில் வந்த பக்கங்களைத் தொலைபேசியில் பார்த்து 'சரி' சொன்னவன் நான். உள்ளட்டையில் என் ஊரின் பெயரே பிழையாக வந்தது.

இங்கே இன்னும் பலர் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். அதை இன்றைய பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும்போது எழுத்துகள் இடம் மாறிவிடும். எந்த வழியில் போனாலும் தொடக்கத்திலேயே யூனிகோடில் எழுதி வைத்துக்கொள்வது பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

சொந்தமாகப் போடுகிறவர்கள் வழக்கமாகத் தவறவிடுவது ஐ.எஸ்.பி.என்., அதாவது ஒரு புத்தகத்தை அடையாளம் காட்டும் சர்வதேச எண். கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை அதை வழங்குகிறது. பதிப்பகம் இல்லாமல் எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும் 13 இலக்கம். என் முதல் புத்தகத்தில் அது இல்லை. "இப்ப என்ன அவசரம்" என்று விட்டேன். பிறகு நூலகக் கொள்வனவுக்குக் கொண்டுபோனபோது முதலில் தேடியது அந்த எண்ணைத்தான். பதிப்புரிமைக்கு இப்படி அலைய வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவுடனேயே உரிமை உங்களுடையது, ஆயுள் முழுவதும் அதற்குப் பின் 70 ஆண்டும்.

சொந்தச் செலவுக்காரரின் உண்மையான விற்பனை நிலையம் வெளியீட்டு விழாதான். ஆசியுரை, வாழ்த்துரை, ஆய்வுரை, கடைசியில் ஏற்புரை. முதற்பிரதியை ஊர் வர்த்தகர் ஒருவர் வாங்குவார். பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட, கடித உறையோடு வரிசையாக மேடைக்கு வருவார்கள். உறையில் புத்தக விலையை விடக் கூடவே இருக்கும். அச்சுக்கூலியின் பெரும்பகுதி அன்றைக்கே கையில் சேர்ந்துவிடுவதும் உண்டு. ஆனால் நாளைப் பார்த்து வைக்க வேண்டும். கார்த்திகை, மார்கழி மழைக்குள் வைத்தால் மண்டபத்தில் கதிரைதான் இருக்கும். காலபோக அறுவடை முடிந்து நெல்லு விற்ற காசு கையில் புழங்கும் பங்குனி நல்ல காலம். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வெள்ளாமை செய்கிற ஊரில் புத்தக வியாபாரமும் அந்தப் போகத்தோடு சேர்ந்துதான் நடக்கிறது.

விழாவுக்குப் பிறகுதான் இந்த வழியின் பலவீனம் தெரியும். கடைக்குக் கொடுத்தால் விலையில் பெரும்பாலும் 30 முதல் 40 வீதத்தைக் கடைக்காரர் கழிவாக எடுப்பார். விலை 600 ரூபா, கழிவு 35 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பிரதிக்கு 390 ரூபா வரும், அதுவும் விற்ற பிறகு, நீங்களே நேரில் போய்க் கேட்டால். பஸ் காசைக் கழித்துப் பார்த்து நான் இரண்டு கடைகளுக்குப் போவதையே விட்டுவிட்டேன். மிச்சப் பிரதி உங்கள் வீட்டில்தான்.

இனிப் பதிப்பகம். பூபாலசிங்கம் புத்தகசாலை, குமரன் புத்தக இல்லம் போன்றவற்றுக்குக் கடையும் வாசகர்களும் இருக்கிறார்கள். மிச்சப் பிரதி அவர்களின் அலுமாரியில் நிற்கும், கேட்டு வருகிறவருக்குக் கிடைக்கும். உரிமைத்தொகை பத்து வீதம் என்று பேசினால், அதே 600 ரூபாப் புத்தகத்துக்கு 60 ரூபா. 300 விற்றால் 18,000. இதை நம்பி வயல் வாங்க முடியாது, ஆனால் சாக்கு மூட்டையோடு பஸ் ஏறத் தேவையில்லை. சிக்கல் என்னவென்றால், பெயர் தெரியாத முதல் எழுத்தாளரின் புத்தகத்துக்கு முழுப் பணத்தையும் தாங்களே போடுகிறவர்கள் குறைவு. "நூறு பிரதியை நீங்களே எடுங்கோ" என்பார்கள். அது பிழையில்லை. எத்தனை பிரதி அச்சிடுகிறார்கள், உங்கள் நூறு என்ன விலைக்கு, மீதியை எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், மின்னூல் உரிமை யாருக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். முழுச் செலவையும் உங்களிடம் வாங்கி, தங்கள் பெயரை மட்டும் அட்டையில் போட்டு, பிரதி முழுவதையும் உங்கள் முற்றத்தில் இறக்கிவிட்டுப் போனால் அது பதிப்பகம் அல்ல. அதை நீங்களே மலிவாகச் செய்திருக்கலாம்.

இந்த வழியின் வாசல் சஞ்சிகைகள். 1966இல் தொடங்கிய மல்லிகை பிறகு மல்லிகைப் பந்தலாகப் புத்தகங்களும் போட்டது; அது இப்போது வருவதில்லை. 2000இலிருந்து ஞானம், 2007இலிருந்து ஜீவநதி. நான்கைந்து கதை இவற்றில் வந்திருந்தால் பதிப்பகத்துக்காரர் உங்கள் கோப்பைத் திறந்தாவது பார்ப்பார். நேரே நாவலோடு போய் நிற்பதை விட இது மெதுவான வழி, ஆனால் ஒரு ஆசிரியரின் கத்தரிக்கோல் உங்கள் எழுத்தில் இலவசமாகப் படுகிறது. அந்தக் கத்தரி என் முதல் தொகுப்பில் படவே இல்லை.

முன்பு நம் பக்கத்துக்கு இன்னொரு வழி இருந்தது. தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' நாவல் 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. பத்திரிகை நிறுவனமே புத்தகம் போட்ட காலம். பத்திரிகைக்கு இருந்த விற்பனை வலை புத்தகத்துக்கும் உதவியது, எழுத்தாளர் கட்டிச் சுமக்க வேண்டியிருக்கவில்லை. அப்படி ஒன்று இன்று கையில் இல்லை என்பதால்தான் இத்தனை கணக்குப் பார்க்கிறோம்.

தமிழ்நாடு எல்லாருக்கும் ஒரு ஆசை. எனக்கும்தான். சென்னைப் புத்தகக் காட்சி 1977இலிருந்து நடக்கிறது, வழக்கமாகத் தை மாதத்தை ஒட்டி. அங்கே ஒரு மேசையில் உங்கள் புத்தகம் கிடந்தால், இலங்கையின் எந்த விழாவிலும் காணாத கூட்டம் அதைக் கடந்து போகும். கடந்துதான் போகும், எல்லாரும் எடுக்க மாட்டார்கள். சிறு எண்ணிக்கையில் டிஜிட்டல் அச்சில் அடித்து, கேட்கக் கேட்க மறுபடி அடிப்பது அங்கே சாதாரணம். மிச்சப் பிரதி என்ற பேச்சே இல்லை. கறையானுக்கு அங்கே வேலை இல்லை.

ஆனால் புத்தகம் நம் ஊருக்கு வராது. வந்தாலும் விலை தாங்காது. 350 இந்திய ரூபாப் புத்தகம் இங்கே வந்திறங்கும்போது ஆயிரத்தைத் தாண்டிவிடும்; நீங்கள் யாரைப் பற்றி எழுதினீர்களோ அவர் வாங்க மாட்டார். மொழியும் ஒரு கரைச்சல். 'கதைத்தான்' என்று எழுதினால் 'பேசினான்' என்று திருத்தி வரலாம். 'கெதியா', 'பகிடி', 'விசர்' எல்லாவற்றுக்கும் அடிக்குறிப்புக் கேட்கலாம். சூடடிப்பைப் பற்றி எழுதிவிட்டு, அது என்னவென்று ஒரு பந்தியில் விளக்கச் சொன்னால் கதை எங்கே நிற்கும்? விளங்கிய பதிப்பாளர்களும் அங்கே இருக்கிறார்கள், ஈழத்து எழுத்தை அப்படியே விடுகிறவர்கள். எந்தச் சொல்லை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று முதலே ஒரு பட்டியல் கொடுத்துவிடுங்கள்.

மின்னூல் பற்றி நீளமாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அமேசான் கிண்டில் 2016 கடைசியிலிருந்து தமிழை ஏற்கிறது; விலையையும் விற்கும் நாட்டையும் பொறுத்து 35 அல்லது 70 வீதம் தரும். அச்சுக்கூலி இல்லை, மிச்சம் இல்லை. கனடாவிலும் சுவிஸிலும் உள்ள சொந்தக்காரர் அன்றிரவே வாசிக்கலாம். ஆனால் இங்கே வன்னியில், மல்லாவி போன்ற ஊரில் அதை யார் வாசிப்பார்? காசு உங்கள் வங்கிக் கணக்குக்கு எப்படி வரும் என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டு இறங்குங்கள். முதல் புத்தகத்தை இதில் மட்டும் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. துணை வழியாக இருக்கட்டும்.

எந்த வழியில் போனாலும் பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நூல் கொள்வனவு, பரிசுத் தேர்வு, தேசிய நூலகச் சபையின் வெளியீட்டு உதவி போன்றவற்றின் அறிவித்தல் பெரும்பாலும் அந்த மேசைக்குத்தான் வரும். முடிவுத் தேதி கழிந்த பிறகு பேஸ்புக்கில் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் காசுக் கணக்குக்கு வெளியே. 2009இல் இடம்பெயர்ந்தபோது வன்னியில் எத்தனையோ வீட்டுப் புத்தகங்களை விட்டுவிட்டுத்தான் வந்தோம். ஊருக்குள் மட்டும் இருந்த புத்தகம் ஊரோடு போனது, வெளியே ஒரு பிரதி போயிருந்த புத்தகம் தப்பியது. ஆகவே விற்பனையை மறந்து ஐந்தாறு பிரதியை வெவ்வேறு ஊர் நூலகங்களுக்குக் கொடுங்கள். 2005இலிருந்து இணையத்தில் இயங்கும் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்துக்கும் உரிய அனுமதி எழுதிக் கொடுங்கள்.

என்னைக் கேட்டால் முதல் புத்தகத்துக்கு வழி இது: கதைகளைச் சஞ்சிகையில் விடுவது, பிறகு அந்தச் சஞ்சிகை சார்ந்த பதிப்பிலோ ஒரு சிறு பதிப்பகத்திலோ 300 பிரதி, பாதிச் செலவு என்னுடையது, பாதிப் பிரதி அவர்களிடம். சென்னையை இரண்டாவது புத்தகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். 500 அடித்தால் ஒரு பிரதிக்கு மலிவு என்று அச்சகத்தில் சொல்வார்கள். உண்மைதான், விற்கிற பிரதிக்கு.

இரண்டாவது தொகுப்பை அப்படித்தான் போட்டேன். இரும்பு அலுமாரியில் இப்போது 17 பிரதி இருக்கிறது. துணுக்காய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்று இரண்டு கேட்டிருக்கிறது, செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் கொடுத்துவிட வேண்டும்.