தொழிலில் தன்னம்பிக்கை: ஆறு சனிக்கிழமைப் பயிற்சிநெறி பற்றி

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியை அண்டிய ஒரு மேல்மாடி மண்டபத்தில், வேலையில் தம்மைத் தாமே குறைத்து மதிப்பிட்டுத் தவிப்பவர்களுக்கென நடத்தப்பட்ட பயிற்சிநெறியை அண்மையில் முடித்தேன். ஆறு சனிக்கிழமைகள், காலை 9 மணி முதல் 12 மணி வரை, கட்டணம் 7,500 ரூபாய்.

நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளராக வேலை செய்கிறேன். பதவியுயர்வு கிடைத்த நாளிலிருந்து, கொழும்புத் தலைமை அலுவலகத்தோடு மாதந்தோறும் நடைபெறும் காணொளிக் கூட்டத்துக்கு முதல்நாள் இரவு எனக்கு நித்திரை வருவதில்லை. ஆங்கிலத்தில் வாய் திறந்தால், எனக்கு ஒன்றும் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்ற எண்ணமே காரணம். திறமையுள்ளவர்களே தம்மைப் போலிகளாகக் கருதி அஞ்சும், 'போலியர் மனநிலை' (impostor phenomenon) எனப்படும் இந்த நிலையைப் பவுலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்கள் என்று முதல் வகுப்பில் அறிந்தபோது, இத்தனை நாளும் எனக்கு மட்டுமே உரிய குறை என்று மறைத்து வைத்திருந்த ஒன்றுக்கு ஒரு பெயர் இருக்கிறதே என்று மனம் இளகியது.

வளவாளராக வந்தவர் உளவளத்துணைத் துறையில் நீண்ட அனுபவமுள்ள ஓர் அம்மா. "உங்களால் முடியும்" என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அதனாலேயே அவர்மீது எனக்கு நம்பிக்கை வந்தது. அதற்குப் பதிலாக, ஆளுக்கொரு தாளைத் தந்தார். அதில் ஆறு நிரல்கள் இருந்தன: நடந்தது என்ன, மனதில் தானாக எழுந்த எண்ணம் என்ன, அப்போது ஏற்பட்ட உணர்ச்சி 100க்கு எவ்வளவு, அந்த எண்ணத்துக்குச் சார்பான ஆதாரம், எதிரான ஆதாரம், இரண்டையும் பார்த்த பின் திருத்தி எழுதிய எண்ணம். மனச்சோர்வுக்கு உள்ளானவர்களிடம் இத்தகைய தன்னியக்க எண்ணங்களை ஆரோன் பெக் 1960களில் கண்டறிந்து வளர்த்த சிகிச்சை முறையிலிருந்து வந்த தாள் இது.

என் தாளில் கூட்டத்தைப் பற்றி எழுதி, பயத்துக்கு 90 போட்டேன். சார்பான ஆதாரம் என்ற நிரலில், சென்ற மாதம் ஒரு வசனத்தின் நடுவே சொல் வராமல் நின்றுவிட்டதைத் தவிர வேறொன்றும் எழுத வரவில்லை. அருகில் வந்து பார்த்த அந்த அம்மா, என் தொழிலை நினைவில் வைத்திருந்து, "இந்த எண்ணத்துக்குப் பற்றுச்சீட்டு இருக்கோ, பிள்ளை?" என்று கேட்டார். பற்றுச்சீட்டு இல்லாத ஒரு செலவைக்கூட என் மேசையைத் தாண்ட நான் விடுவதில்லை. எதிரான நிரலிலோ மூன்று வருடக் கணக்காய்வும், நான் தயாரித்த வங்கி இணக்கக் கூற்றுகளும், அவற்றில் ஒரு கேள்வியும் எழாததும் வரிசையாக வந்து விழுந்தன. திரும்பவும் எண் போடச் சொன்னபோது 55 போட்டேன். பயத்தைப் பூச்சியமாக்குவது இங்கே நோக்கமன்று, 55ஓடும் கூட்டத்தில் பேசலாம் என்றார் அவர்.

இந்த முறையின் நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. எங்களோடு இருந்த ஒரு தம்பி, தனக்கு எக்செல் சரியாகத் தெரியாது என்று எழுதியிருந்தார். ஆதாரத்தைப் பார்த்தபோது அது உண்மையாகவே இருந்தது. அவரைத் தேற்ற முயலாமல், அந்த எண்ணத்தைச் சரியென ஏற்று, எங்கே, எத்தனை நாளில் படிப்பது என்று அங்கேயே திட்டம் போட வைத்தார்கள். மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் ஏசுவதால் ஒடுங்கிப்போன ஒரு சகோதரியிடம், இதில் திருத்த வேண்டியது உங்கள் எண்ணமல்ல என்று தெளிவாகச் சொன்னார்கள். எம்மவர்களிடையே எல்லாப் பழியையும் தன் தலையிலேயே போட்டுக்கொள்ளும் பழக்கம் ஆழமானது. அதை யாராவது இவ்வளவு வெளிப்படையாக மறுத்து நான் கேட்டதில்லை.

குறைகளும் உண்டு. முப்பது பேருக்கு ஒரே வளவாளர் என்பது போதாது. பின்வரிசைக் கதிரைகளில் இருந்தவர்களின் தாள்களை அவரால் பார்க்க முடியவில்லை. ஐந்தாவது வாரம் அவருக்குப் பதிலாக வந்த விருந்தினர் மூன்று மணி நேரமும் தன் வெற்றிக் கதையையே சொன்னார். அந்தக் காலை எனக்கு முழு நட்டம். அதைவிடப் பெரிய குறை, எந்த நிலையில் இது பயிற்சியால் தீராது என்பதை அவர்கள் சொல்லத் தவறியது. இரண்டு வாரங்களுக்கு மேலாக நித்திரையும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமின்றி, வாழவே பிடிக்காதிருந்தால், அத்தகையவர் செல்ல வேண்டியது வைத்தியரிடம். தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926ஐயாவது சுவரில் ஒட்டியிருக்கலாம்.

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களும், பதவி உயர்ந்து பதறுபவர்களும் தயங்காமல் போகலாம். ஆனால் முன்வரிசையில் இடம் பிடியுங்கள், வீட்டிலும் எழுதுங்கள். அந்தத் தாளில் இருபது பிரதி எடுத்தேன், மூன்றுதான் மிச்சம். சென்ற மாதக் கூட்டத்தில் இரண்டு கேள்விகளுக்கு நானே ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். ஒன்றில் இடையிலே தடுமாறினேன், தொடர்ந்து சொல்லி முடித்தேன்.