சிங்கப்பூரில் சர்வர் வைத்திருப்பது பற்றி: பல வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

சிங்கப்பூர் டேட்டா சென்டரில் இடம் வாடகைக்கு எடுத்து நம் சர்வரை வைக்கலாமா என்று யாராவது கேட்டால், எத்தனை கிலோவாட் மின்சாரம் வேண்டும் என்றுதான் முதலில் கேட்பேன். ஒரு ரேக் (சர்வர்களை அடுக்கும் அலமாரி), மூன்று நான்கு கிலோவாட் என்றால் யோசிக்காமல் வைக்கச் சொல்வேன். அதற்கு மேல் போனால் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். அங்கே இடத்தைவிட, பெட்டியைவிட, ஆளைவிட அரிதான பொருள் மின்சாரம்தான்.

எங்களுடையது சென்னையில் இயங்கும் சின்ன நிறுவனம். சரக்குப் போக்குவரத்துக்கான மென்பொருள். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இந்தியாவில், மீதிப் பேர் மலேசியாவின் கிள்ளான், ஜகார்த்தா, சிங்கப்பூர் என்று பரவியிருக்கிறார்கள். எல்லோருக்கும் தோதான நடு இடம் தேடியபோது சிங்கப்பூரைத் தவிர வேறு ஊர் தோன்றவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நெட்வொர்க்கைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சுமார் 3,200 கிலோமீட்டர் நீள ஐ2ஐ கடலடிக் கேபிள் 2002இலேயே வந்துவிட்டது. 2004இல் டாடாவின் கேபிளும் சேர்ந்துகொண்டது. நல்ல வழியில் போனால் பிங் (செய்தி போய்த் திரும்பும் நேரம்) 35 மில்லிசெகண்டுக்குப் பக்கத்தில் நிற்கும். டெல்லியில் உள்ள சர்வருக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகிறது. ஆனால் 'நல்ல வழியில் போனால்' என்பதை அடிக்கோடு போட்டுப் படிக்க வேண்டும். ஒருநாள் காலையில் திருப்பூர் வாடிக்கையாளர் ஒருவருக்கு மட்டும் ஸ்கிரீன் ஊர்ந்தது. தரவு போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் எடுத்துப் பார்த்தால், அவருடைய இணையச் சேவை நிறுவனம் தரவுப் பாக்கெட்டை லண்டன் வரை கொண்டுபோய் சிங்கப்பூருக்குத் திருப்பிக்கொண்டிருந்தது. 35 இருந்த இடத்தில் 260. அன்றிலிருந்து, எந்த நாட்டை எடைபோட்டாலும் வரைபடத்தில் தூரத்தைப் பார்ப்பதில்லை. நம் வாடிக்கையாளர்கள் வைத்திருக்கும் இணைப்பிலிருந்தே சோதித்துப் பார்க்கிறோம். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோதும் இதே கதைதான். சிங்கப்பூரில் எங்கள் ரேக் ஒரு நொடிகூட நிற்கவில்லை, இங்கிருந்து அதைத் தொடத்தான் வழியில்லை.

இனி மின்சாரம். சுமார் 735 சதுர கிலோமீட்டர் நாடு. நீர்மின்சாரம் எடுக்கத் தோதான ஆறில்லை, காற்றாலைக்குத் தோதான காற்றில்லை. மின்சாரத்தில் ஏறக்குறைய 95 சதவீதம் இயற்கை எரிவாயுவில் வருகிறது, அந்த வாயுவும் இறக்குமதிதான். 2020 கணக்குப்படி நாட்டின் மொத்த மின்சாரத்தில் 7 சதவீதத்தை டேட்டா சென்டர்களே குடித்தன. இந்தப் பசியைப் பார்த்துத்தான் 2019இலேயே புதிய டேட்டா சென்டர்களுக்கு அரசு தடை போட்டது. 2022 ஜனவரியில் தடை விலகியபோதும் கதவு முழுசாகத் திறக்கவில்லை. 2023 ஜூலையில் நான்கு தரப்புகளுக்கு மட்டும், அதுவும் மொத்தமே சுமார் 80 மெகாவாட்டுக்கு, அனுமதி கொடுத்தார்கள். 2024 மே மாதம் இன்னும் 300 மெகாவாட்டுக்கு வழி செய்வதாக அறிவிப்பு வந்தது.

இதெல்லாம் பெரிய ஆட்கள் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். தடை இருந்த காலத்தில் ஒப்பந்தம் புதுப்பிக்கப் போனவர்களுக்குத்தான் தெரியும். பழைய நாளில் தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி அனுப்பிய விற்பனையாளர், 'இந்த விலைக்கு வேண்டாமென்றால் வரிசையில் ஆள் நிற்கிறார்கள்' என்று மரியாதையாகச் சொன்னார். சொன்னது பொய்யும் இல்லை. 2021 கடைசியில் எரிவாயு விலை எகிறி, மின்சாரச் சில்லறை விற்பனை நிறுவனங்கள் சில கடையை மூடின. புது ஒப்பந்தத்தில் நிலையான கட்டணம் போய், அவர்கள் வாங்கும் விலை எதுவோ அது அப்படியே எங்கள் பில்லில் என்ற பிரிவு வந்து உட்கார்ந்தது. வாடகையைவிட மின்சாரம் அதிகமாக வந்த மாதங்களும் உண்டு.

பில்லில் இன்னொன்று கவனிக்க வேண்டும். 230 வோல்ட், 16 ஆம்பியர் பிரேக்கர் என்றால் காகிதத்தில் 3.7 கிலோவாட் வரும். 80 சதவீதத்தைத் தாண்டாதே என்று விதி இருப்பதால் கையில் கிடைப்பது 2.9தான். ஏ, பி என்று இரண்டு ஃபீட் (தனித்தனி மின் இணைப்பு) கொடுக்கிறார்களே, இரட்டிப்பாகுமே என்று எண்ணினால், ஒன்று போனால் மற்றது முழுச் சுமையையும் தாங்க வேண்டும் என்பதால் இரண்டும் சேர்ந்தே அந்த 2.9க்குள்தான். இதைத் தெரிந்துகொண்டுதான் விலை பேச வேண்டும். நம் ரேக்கை அதே மையத்தில் உள்ள இன்னொரு நிறுவனத்தோடு இணைக்கும் கேபிளுக்கு, அதாவது கிராஸ் கனெக்டுக்கு, மாதாமாதம் தனிக் கட்டணம் வேறு; பக்கத்து அறைக்குப் போகும் ஒரு ஃபைபருக்கு இவ்வளவா என்று இன்றைக்கும் எரிச்சல் வரும்.

வேலையாட்கள் விஷயத்தில் முழு மதிப்பெண். நள்ளிரவில் டிஸ்க் மாற்றச் சொல்லி டிக்கெட் போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆள் ரேக் முன்னால் நிற்பார். ஒருமுறை போனில் வந்தவர் தமிழ்ப் பையன். 'அண்ணே, மேலேருந்து நாலாவது ஸ்லாட்டு, ஆரஞ்சு லைட்டு எரியுது, இதைத்தானே உருவணும்? சீரியல் நம்பர் படிக்கறேன், சரி பாருங்க' என்றார். சரிபார்க்காமல் கை வைக்க மாட்டார்கள். இந்த ஒழுங்குக்காகவே கூடக் காசு கொடுக்கலாம்.

ஆனாலும் ஒழுங்கான நாடு என்பதால் விழாது என்று இல்லை. 2023 அக்டோபர் 14இல் ஈக்வினிக்ஸ் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்றில் குளிரூட்டும் அமைப்பு பழுதாகி டிபிஎஸ், சிட்டி வங்கிகளின் சேவை முடங்கியது. சுமார் 25 லட்சம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை. 2024 செப்டம்பரில் வேறொரு மையத்தில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்து அலிபாபா கிளவுட் தடுமாறியது. வருஷம் முழுக்க வெக்கையும் ஈரப்பதமும் உள்ள ஊரில் சில்லர் (குளிரூட்டும் இயந்திரம்) நின்றால் சர்வர் ஹால் சூடாக அதிக நேரம் பிடிக்காது. சர்வர் அறைகளை 26 டிகிரியிலோ அதற்கு மேலோ ஓட்டப் பழகுங்கள் என்று அரசே 2023இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. மின்சாரம் மிச்சமாகும், சரிதான். பழைய ஸ்டோரேஜ் கருவி வைத்திருப்பவர்கள் மட்டும் சூட்டில் வேகமெடுக்கும் விசிறிச் சத்தத்தை ஒருமுறை கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளட்டும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக: 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, பணப் பரிவர்த்தனைத் தரவு இந்தியாவில்தான் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தப் பகுதியை அம்பத்தூருக்குக் கொண்டுவந்துவிட்டோம். தொழில்நுட்பக் காரணமே கிடையாது.

பேக்கப்பையும் இரவில் ஓடும் அறிக்கை வேலைகளையும் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக்கு மாற்றியிருக்கிறோம். பாலத்துக்கு அந்தப் பக்கம், ஓரிரு மில்லிசெகண்ட் தூரம், மின்சாரமும் மலிவு. சிங்கப்பூரில் இடம் கிடைக்காத எல்லோரும் அங்கேதான் போய்க் குவிகிறார்கள். இது எத்தனை நாளுக்கு என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. சிங்கப்பூருக்கே 1962 ஒப்பந்தப்படி தண்ணீர் கொடுக்கும் மாநிலம் அது. இப்போது டேட்டா சென்டர் விண்ணப்பங்களைத் தண்ணீரையும் மின்சாரத்தையும் பார்த்து வடிகட்டத் தொடங்கிவிட்டது.

சிங்கப்பூரில் இப்போது மிச்சமிருப்பது ரவுட்டர்கள், வரும் வேலையைச் சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லோடு பேலன்சர், வாடிக்கையாளர் நேரடியாகத் தொடும் டேட்டாபேஸ், அவ்வளவுதான். அடுத்த புதுப்பித்தலுக்கு அரை ரேக் போதும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். அரை ரேக்குக்கு முக்கால் ரேக் விலை சொல்லியிருக்கிறார்கள், பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.