முதுமையில் கொலாஜன்: பொடியா, மாத்திரையா, வேறு வழியா?

தோல், எலும்பு, குருத்தெலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் கொலாஜன், நம் உடலின் மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ 30 சதவீதம். வயது ஏற ஏற உடல் அதை உருவாக்கும் வேகம் குறைகிறது. மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் பெண்களின் தோலில் இந்த இழப்பு இன்னும் விரைவாக நடக்கிறது. ஈடுகட்டுவதாகச் சொல்லி விற்கப்படுபவற்றை, அதே வேலைக்குப் போட்டியிடும் எளிய வழிகளின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நியாயம்.

கொலாஜன் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட பொருள்கள் கிடைக்கின்றன. ஒன்று, நாளுக்கு 2.5 முதல் 15 கிராம் வரை எடுத்துக்கொள்ளும் பெப்டைட் பொடி. கொலாஜனை வேகவைத்து எடுக்கும் ஜெலட்டினை வெந்நீரில் கரைத்து ஆறவிட்டால் கட்டியாக உறையும். இந்தப் பொடியைக் கரைத்தால் ஆறிய பிறகும் நீராகவே இருக்கும், ஏனெனில் இதன் புரதச் சங்கிலிகள் துண்டு துண்டாக வெட்டப்பட்டவை. மற்றொன்று, நாளுக்கு வெறும் 40 மில்லிகிராம் போதுமென்று சொல்லப்படும், சிதைக்கப்படாத இரண்டாம் வகை (குருத்தெலும்பில் உள்ள வகை) கொலாஜன் மாத்திரை. அது மூலப்பொருளாக அல்ல, குடலிலுள்ள நோயெதிர்ப்பு மண்டலத்தைப் பழக்கி மூட்டு அழற்சியைத் தணிப்பதன் மூலம் வேலை செய்வதாகக் கருதப்படுகிறது. ஆகவே இரண்டின் அளவையும் ஒப்பிட்டு எது வீரியமானது என்று முடிவு செய்வது தவறு.

தோலைப் பொறுத்தவரை, 8 முதல் 12 வாரம் பொடி உட்கொண்டவர்களுக்கு ஈரப்பதமும் நெகிழ்வும் சற்றுக் கூடியதாகப் பல ஆய்வுகள் கூறின. ஆனால் 2025இல் 23 ஆய்வுகளைத் தொகுத்து, யார் பணம் கொடுத்தார்கள் என்று பிரித்துப் பார்த்தபோது, நிறுவனங்களின் நிதி பெறாத ஆய்வுகளில் அந்தப் பலன் தென்படவில்லை. இது என் நம்பிக்கையை வெகுவாகக் குறைத்தது. இதற்கு மாறாக, ஆஸ்திரேலியாவின் நம்பூர் நகரில் 55 வயதுக்குட்பட்ட சுமார் 900 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், நான்கரை ஆண்டுகள் அன்றாடம் சன்ஸ்கிரீன் பூசச் சொல்லப்பட்டவர்களின் தோல் முதுமை மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது. புற ஊதாக் கதிர், கொலாஜனை அறுக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. அந்த ஓட்டையை அடைக்காமல் பொடி குடிப்பது எப்படிப் போதும்?

தசைக்கு வந்தால் தீர்ப்பு தெளிவாகவே இருக்கிறது. கொலாஜனில் டிரிப்டோபன் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் அறவே இல்லை, தசையைக் கட்டத் தூண்டும் லியூசினும் குறைவு. எடைப்பயிற்சியோடு நாளுக்கு 15 கிராம் எடுத்த முதியவர்களுக்குத் தசை கூடியதாக ஓர் ஆய்வு உண்டு. ஆனால் பாலிலிருந்து பிரித்தெடுக்கும் வே புரதத்தோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்தபோது கொலாஜன் பின்தங்கியது. பசி குறைந்த முதியவர் ஒருவர் முட்டை, பால், பருப்பை விட்டுவிட்டு இந்தப் பொடியைப் புரதமாகக் கணக்கில் வைப்பதுதான் எனக்குக் கவலையளிக்கிறது.

பொடியால் எலும்பு அடர்த்தி சிறிது கூடியதாகச் சான்று உண்டு; எலும்பு முறிவு குறையும் என்பதற்கு இல்லை.

முழங்கால் தேய்மானத்துக்குப் பொடியும் மாத்திரையும் வலியை ஓரளவு தணிக்கலாம். எனினும் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சிக்கும் எடைக் குறைப்புக்கும் உள்ள சான்று இவற்றைவிட உறுதியானது. பயிற்சி, எடைக் குறைப்போடு கொலாஜனையும் சேர்த்துச் சோதித்துப் பார்க்க விரும்புவோர், சில பொடிகள் மீனிலிருந்து எடுக்கப்படுவதால் மீன் ஒவ்வாமை இல்லையென்பதை உறுதிசெய்துகொண்டு, எத்தனையாவது படியில் வலி தொடங்குகிறது என்று முதல் நாளே குறித்துவைத்து, 12 வாரம் கழித்து அதே படிகளில் ஏறிப் பார்க்கலாம்.