ஒரே வரியில் ஜாவிப் பெயர்கள்: பிரௌசரோடு சில வருஷ அனுபவம்

மலேசியாவில் கெடா, பாடாங் செராய் பக்கம் கடை போர்டு, கல்யாணக் கார்டு, சின்னக் கடைகளுக்கு இணையப் பக்கம் எல்லாம் செய்து கொடுக்கிறேன். சுற்றிலும் தோட்டம்; பட்டணத்தில் தமிழ், ரூமி (ஆங்கில எழுத்தில் எழுதும் மலாய்), சீனம், ஜாவி (அரபு எழுத்தில் எழுதும் மலாய்) எல்லாம் அடுத்தடுத்த போர்டுகளில் தொங்கும். இவற்றில் வலமிருந்து இடமாக ஓடுவது ஜாவி மட்டும். தனி வரியில் போட்டால் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி எதிலும் தொல்லை இல்லை. காற்புள்ளி போட்டு ஒரே வரியில் அடுக்கும்போதுதான் கவனம் வேண்டும்.

ஒரு சாப்பாட்டுக் கடை வரிசைக்குப் பக்கம் செய்தேன். கடைகள் இருக்கிற வரிசையிலேயே பெயர்கள் வரவேண்டும். முதல் கடை தமிழ், இரண்டும் மூன்றும் ஜாவி, நான்காவது தமிழ். திரையில் பார்த்தால் மூன்றாவது கடை இரண்டாவது இடத்தில் நிற்கிறது! கைப்பேசியில் பார்த்தவருக்கோ எல்லாம் சரி. காரணம், அங்கே இரண்டு ஜாவிப் பெயர்களுக்கும் நடுவில் வரி மடிந்திருந்தது. பிரௌசர் முதலில் வரியை மடிக்கும். திசை பார்த்து இடம் மாற்றுவது அதற்குப் பிறகு, ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக.

இது பிரௌசரின் கோளாறு இல்லை, கணினி எழுத்துகளுக்குப் பொதுத் தரமான யூனிகோடின் இருதிசை விதி அப்படி. காற்புள்ளிக்கும் இடைவெளிக்கும் சொந்தத் திசை கிடையாது. இரண்டு ஜாவிச் சொற்களுக்கு நடுவே மாட்டினால் அவையும் அந்தப் பக்கமே சாயும், இரண்டு பெயரும் ஒரே தொடராகி, மொத்தமாக வலமிருந்து ஓடும்; அதனால்தான் இடம் மாறித் தெரிகிறது. பட்டியலில் தனித்தனி உருப்படியாக எழுதியிருந்தாலும், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் 'இன்லைன்' (வரியோடு சேர்ந்து ஓடட்டும்) என்று போட்டுவிட்டால் அந்த எல்லையை இந்த விதி பார்ப்பதே இல்லை. நடுவில் ஒரு தமிழ் எழுத்தோ ரூமி எழுத்தோ வந்தால் தொடர் அறுந்துவிடும். விலைப் பட்டியலிலும் இதே கதைதான்: விலைக்கு முன்னால் 'ஆர்எம்' (ரிங்கிட்) என்று ரூமியில் போட்ட வரி கலையவில்லை, வெறும் 1.20, 0.80 என்று எழுதியதில் விலை பக்கத்துப் பலகாரத்தோடு ஒட்டிக்கொண்ட மாதிரி தெரிந்தது.

தொலைபேசி எண் இன்னும் மோசம். ஜாவிப் பெயரை ஒட்டி 012 என்று தொடங்கி, நடுவே கோடு போட்டு எழுதிய எண்ணில், 012 பெயரை ஒட்டி வலது ஓரத்துக்குப் போய்விடும். கடைசி இலக்கங்கள் இடது பக்கம் முதலில் நிற்கும். ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் இலக்கம் மாறாததால் பார்த்தவுடன் சந்தேகமே வராது. இடமிருந்து படித்து அழைப்பவருக்கு லைன் கிடைக்காது. பாவம், கடைக்காரருக்குத்தான் வியாபாரம் போகும்.

தீர்வு பழசுதான். 2013-ல் வந்த யூனிகோட் 6.3 ஒரு சொல்லை அக்கம்பக்கத்திலிருந்து பிரித்து வைக்கும் வசதியைச் சேர்த்தது. இணையப் பக்கம் எழுதும் எச்டிஎம்எல்லில் அதே வேலையை 'பிடிஐ' (bdi) குறி செய்யும். பெயர் ஒவ்வொன்றையும் அதற்குள் வைத்தால், உள்ளே இருக்கும் முதல் திசையுள்ள எழுத்தைப் பார்த்து அதுவே திசையை முடிவு செய்துகொள்ளும். தொலைபேசி எண்ணுக்கு மட்டும் இடமிருந்து வலம் என்று நாமே திசை எழுதிவிடுவது நல்லது. உருப்படிகளை சிஎஸ்எஸ்ஸில் 'இன்லைன்-பிளாக்' (வரிக்குள்ளேயே தனித்தனிப் பெட்டி) ஆக்கினாலும் இடம் மாறுவது நிற்கும், ஆனால் நாளைக்கு வேறு யாராவது சிஎஸ்எஸ்ஸைத் தொட்டால் பழையபடி ஆகிவிடும். அதனால் எனக்கு 'பிடிஐ' மேல்தான் நம்பிக்கை. பெயர்கள் வேறு யாரோ நிரப்பும் படிவத்திலிருந்து வந்தால் இது கட்டாயம் வேண்டும், அடுத்த பெயர் எந்த எழுத்தில் வரும் என்று நமக்கு எப்படித் தெரியும்?

பக்கத்திலிருந்து பட்டியலை வெறும் எழுத்தாக நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது இந்தக் குறி கூட வராது. அங்கே அனுப்புவதற்கு நான் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாகவே எழுதிவிடுகிறேன்.