கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பதிவேடுகளுக்கு மென்பொருள் வாங்கவிருக்கும் மருத்துவமனைகளின் கவனத்திற்கு

அணு மருத்துவமும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் நடைபெறும் ஒரு மருத்துவமனையில் நான் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். டிஎல்டி (பணியாளர் பெறும் கதிர்வீச்சை அளக்க அவர் அணியும் பட்டை) அளவீடுகள், கதிரியக்க மூலங்களின் இருப்பு, கதிரியக்கக் கழிவுநீர்த் தொட்டிக் கணக்கு, கருவிகளின் அளவுத்திருத்தச் சான்றுகள் ஆகிய அனைத்தையும் ஒரே இடத்தில் பேணலாம் என்று உறுதியளித்த ஒரு நிறுவனத்தின் மென்பொருளை எங்கள் நிர்வாகம் ஆண்டுச் சந்தாவுக்கு வாங்கியது. அதன்பின் நாங்கள் பட்டதைச் சக அலுவலர்களுக்காக எழுதுகிறேன்.

மென்பொருள் இந்திய விதிகளுக்கு முழுமையாக ஏற்றது என்று அந்நிறுவனம் எழுத்திலேயே தந்திருந்தது. ஆனால் ஒரு பணியாளர் ஆண்டில் பெறக்கூடிய கதிர்வீச்சின் வரம்பாக அதில் பதிந்திருந்தது 50 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சின் அலகு). அது அமெரிக்க விதியின் அளவு. நமது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் எந்தவொரு தனி ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்றும், தொடர்ச்சியான ஐந்தாண்டுகளின் சராசரி ஆண்டுக்கு 20ஐத் தாண்டக் கூடாது என்றும் விதித்திருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் முந்தைய நான்கு ஆண்டுகளையும் சேர்த்துக் கணக்கிடும் வசதியே அந்த மென்பொருளில் இல்லை. அதைச் செய்து தரும்படி கேட்டபோது, தனிக் கட்டணம் கேட்டார்கள். எங்கள் பணியாளர்களின் அளவுகள் வரம்புக்கு மிகவும் கீழேதான் இருக்கின்றன. என்றாலும் வரம்பைத் தாண்டிய பிறகும் மௌனமாக இருக்கும் ஓர் எச்சரிக்கையை விலை கொடுத்து வாங்கியிருக்கிறோம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

தைராய்டு சிகிச்சைக்குப் பயன்படும் கதிரியக்க அயோடின்-131 இருப்பிலும் இதே அலட்சியம்தான். அதன் அரையாயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், ஏறத்தாழ எட்டு நாட்கள். சிதைவை உற்பத்தியாளர் குறிப்பிட்ட அளவீட்டு நாளிலிருந்து கணக்கிட வேண்டும். இந்த மென்பொருளோ நாம் பதிவு செய்த நாளிலிருந்து கணக்கிட்டது. நான்கு நாள் தாமதமாகப் பதிந்தால், உண்மையில் 71 மில்லிகியூரி (கதிரியக்கத்தின் அலகு) இருக்கும் குப்பியை 100 என்று காட்டும். நோயாளிக்குத் தரும் அளவை டோஸ் காலிபிரேட்டர் என்னும் கதிரியக்க அளவீட்டுக் கருவியில் தனியே அளந்துவிடுவதால் அங்கே கேடு நேரவில்லை. இருப்புக் கணக்குதான் பொய்யாகிப் போனது. மூலங்களின் கணக்கு தவறினால் என்னவாகும் என்பதை 2010இல் டெல்லியின் மாயாபுரியில் நாடே பார்த்தது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பயன்படாமல் கிடந்த காமா கருவி ஏலத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போய், அதிலிருந்த கோபால்ட்-60 ஓர் உயிரைப் பறித்தது.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது, நாங்கள் விலக முடிவு செய்தபோது நடந்தது. புதுப்பிக்கும் வேளையில் சந்தாவைப் பெருமளவு உயர்த்தினார்கள். நாங்கள் மறுத்து எங்கள் தரவைக் கேட்டபோது, அட்டவணையாகத் தராமல் பக்கம் பக்கமாகப் பிடிஎஃப் கோப்புகளைத் தந்தார்கள். எந்தப் பதிவை யார், எப்போது திருத்தினார் என்ற வரலாறு அவற்றில் இல்லை. சந்தா முடிந்த அன்றே உள்நுழைவையும் நிறுத்திவிட்டார்கள். டிஎல்டி முடிவுகளின் மூல அறிக்கைகள் தாளில் இருந்ததால் அவை பிழைத்தன. மூலங்களின் நடமாட்டம், அறைகளின் கதிர்வீச்சு அளவாய்வு, தொட்டியிலிருந்து வெளியேற்றிய நாட்கள் ஆகியவற்றின் முழு வரலாறு அந்த நிறுவனத்தின் சர்வரில்தான் இருக்கிறது.

பணியாளரின் கதிர்வீச்சுப் பதிவை அவர் 75 வயதை எட்டும் வரையிலும், பணி விட்ட பின் குறைந்தது 30 ஆண்டுகளும் காக்க வேண்டும் என்கிறது சர்வதேச அணுசக்தி முகமையின் 2014ஆம் ஆண்டுப் பாதுகாப்புத் தரநெறி. 25 வயதில் சேர்ந்து 60இல் ஓய்வு பெறும் ஒரு தொழில்நுட்பப் பணியாளருக்கு இது 65 ஆண்டுகள். ஓராண்டுச் சந்தாவை நம்பி அந்தப் பொறுப்பை ஒப்படைக்க முடியாது.

ஆகவே டெமோவில் அழகான வரைபடங்களைக் காட்டும்போது, மாதிரிப் பதிவு ஒன்றை உங்கள் கண்முன்னே திருத்தச் சொல்லி, திருத்த வரலாற்றோடு சேர்த்து அட்டவணையாக வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். சந்தா முடிந்த பிறகும் பதிவுகளைப் படிக்கும் உரிமை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எங்கள் புதிய ஒப்பந்தப்புள்ளியில் இவ்விரண்டையும் கட்டாய நிபந்தனையாக்கியிருக்கிறோம். பழைய நிறுவனத்துக்கு அனுப்பிய வழக்கறிஞர் அறிவிப்புக்கு வந்த ஒரே பதில், இன்னோர் ஆண்டுச் சந்தாவைக் கட்டினால் உள்நுழைவைத் திறப்போம் என்பதுதான்.