ஒரு வாரத்தில் மூன்று கிலோ குறைந்தது, ஆனால் கொழுப்பு குறையவில்லை

எடை குறைப்பு மையம் ஒன்றில் சேர நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். மையத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே முறையில் இயங்கும் இடங்கள் பல இருக்கின்றன. முறையைத் தெரிந்துகொண்டால் போதும்.

அங்கே போவதற்கு முன் நான் நான்கு மாதமாக நடந்துகொண்டிருந்தேன். தினமும் அரை மணி நேரம் நடப்பேன், அலுவலகத்தில் லிஃப்டை விட்டுப் படியேறுவேன். தட்டில் காய்கறியைக் கூட்டி, இரவுச் சாப்பாட்டைச் சற்று முன்னதாக முடித்துக்கொண்டேன். இவ்வளவுதான் செய்தேன். இரண்டு கிலோ குறைந்திருந்தது. பசி இல்லை, அலுப்பும் இல்லை. ஆனாலும் "நான்கு மாதத்துக்கு இரண்டு கிலோதானா?" என்ற அவசரம் என்னைப் பிடித்துக்கொண்டது. "முப்பது நாளில் பத்து கிலோ" என்ற விளம்பரம் கண்ணில் பட்டது அந்த நேரத்தில்தான்.

சேர்ந்த அன்று மாலை, வயிறு நிறைய உண்டு தண்ணீரும் குடித்திருந்த நிலையில், காலணியோடு என்னை எடை பார்த்தார்கள். அடுத்த வாரம் காலையில் வெறும் வயிற்றில், காலணி இல்லாமல் வரச் சொன்னார்கள். இந்த ஒரு வித்தியாசமே ஒரு கிலோவுக்கு மேல் காட்டும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. முள் மூன்று கிலோ இறங்கியிருந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதை முதல் நாளே போட்டிருக்க வேண்டும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி அடங்கியிருக்கிறது. மூன்று கிலோ கொழுப்பு கரைய 23,000க்கு மேல் செலவாக வேண்டும். என் உடல் ஒரு நாளில் செலவிடுவது சுமார் 2,000. ஏழு நாளும் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடந்தாலும் இரண்டு கிலோ கொழுப்புகூடக் கரையாது. குறைந்ததில் பெரும்பகுதி நீர். கல்லீரலிலும் தசைகளிலும் அரை கிலோ அளவுக்குக் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. உணவைத் திடீரென்று வெட்டினால் முதலில் காலியாவது இந்தச் சேமிப்புதான். மீண்டும் சாப்பிடத் தொடங்கினால் சில நாளில் நீரோடு சேர்ந்து திரும்பி வந்துவிடும்.

அவர்கள் தந்தது இரண்டு வேளைக்குப் பொடி, ஒரு வேளைக்குச் சிறிய சாப்பாடு. டப்பாவில் அச்சிட்டிருந்ததைக் கூட்டிப் பார்த்தால் மொத்தம் 800 கிலோகலோரியை எட்டவில்லை. அவ்வளவு குறைந்த உணவை மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது. பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது, தசையும் கரைகிறது. எனக்கு ஆலோசனை சொன்ன வெள்ளை அங்கிக்காரர் மருத்துவரும் அல்லர், உணவியல் படித்தவரும் அல்லர். இது பின்னால்தான் தெரிந்தது.

அவர் சொன்ன ஒன்றை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. "அக்கா, நடப்பதை நிறுத்திவிடுங்கள். நடந்தால் பசி எடுக்கும், பொடியின் பலன் போய்விடும்" என்றார். நிறுத்தினேன். நிறுத்தாவிட்டாலும் நடக்கத் தெம்பு இருந்திருக்காது. படியை மறந்து லிஃப்டில் ஏறினேன். வீட்டில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அன்றாட அசைவு அற்பமானதல்ல. 1999இல் ஜேம்ஸ் லெவைன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 16 பேருக்கு எட்டு வாரம், தேவைக்கு மேல் தினமும் 1,000 கிலோகலோரி உணவு கொடுத்தார்கள். ஒருவருக்குக் கொழுப்பு அரை கிலோகூடக் கூடவில்லை, இன்னொருவருக்கு நான்கு கிலோவைத் தாண்டியது. இந்த வேறுபாட்டோடு மிகவும் பொருந்தி வந்தது உடற்பயிற்சி அல்லாத அன்றாட அசைவு: எழுவது, நிற்பது, வீட்டுக்குள் நடமாடுவது. என்னிடமிருந்து அவர்கள் பிடுங்கியது அதைத்தான்.

ஏழாவது வாரம் எட்டு கிலோ குறைந்ததாகக் காட்டி என்னைப் படம் எடுத்தார்கள். மூன்றாவது மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. "உடம்பிலிருந்து நச்சு வெளியேறுகிறது" என்றார்கள். திடீர் எடைக்குறைவுக்குப் பின் இரண்டு மூன்று மாதத்தில் முடி உதிர்வது அறியப்பட்ட ஒன்று, நச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று என் மருத்துவர் விளக்கினார். அவர்கள் கடைசியாகக் கொடுத்த "மூலிகை" மாத்திரைக் குப்பியில் உட்பொருள் பட்டியலே இல்லை. அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு உடனே நிறுத்தச் சொன்னார். மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலக்கப்பட்ட சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்து, மூலிகை என்று விற்கப்பட்ட எடை குறைப்புப் பொருள்களில் பிறகும் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. பட்டியல் இல்லாத குப்பியைத் தயவுசெய்து வாங்காதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார்கள். ஒரு வாரம் எடை பார்க்க வராவிட்டாலும் உத்தரவாதம் செல்லாதாம். நான் வராத அந்த ஒரு வாரம் தலைசுற்றலில் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்தேன். "உங்களுக்கு மன உறுதி போதவில்லை" என்று சொல்லி அனுப்பினார்கள். அதைப் பல மாதம் நானும் நம்பினேன். எட்டு மாதத்தில் எட்டு கிலோவும் திரும்பி வந்தது, மேலே இரண்டு கிலோ கூடவே வந்தது.

இப்போது மறுபடியும் நடக்கிறேன். நான் அலட்சியம் செய்த அந்த இரண்டு கிலோவையும் கணக்குப் பார்த்தேன். நான்கு மாதத்துக்குப் பிரித்தால் நாளுக்கு ஏறத்தாழ 130 கிலோகலோரி. என் எடையில் ஒருவர் அரை மணி நேரம் நடந்தால் செலவாகும் அளவுக்குப் பக்கம். பொய்யில்லாத இரண்டு கிலோ அது.

என் படம் இன்னும் அந்த மையத்தின் சுவரில் தொங்குகிறது. எடுத்துவிடும்படி மூன்று முறை எழுதிக் கேட்டுவிட்டேன். அதில் எழுதியிருப்பது ஏழாவது வாரத்து எடை.